சாகாத டிஸ்க்குகள்

ஆறு வாரத்தில் மூன்றாவது முறையாக அந்த டிஸ்க் பெட்டியின் மூன்றாவது ஸ்லாட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. செர்காம் பக்கத்தில் இருந்த செம்பனை விதை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, தெங்கேராவில் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் காலை எட்டேகாலுக்கே போன் வந்துவிட்டது. போனை வைத்த முதலாளி கணேஸ்வரன், அப்போதுதான் உள்ளே வந்த தேவமலரிடம் ஒரு புது டிஸ்க் டப்பாவை நீட்டினார்.

"பழையபடி மூனாம் நம்பர்தான். மாத்திட்டு மத்தியானத்துக்குள்ள வந்துரு. அலோர் காஜாவுல ஒரு பிரிண்டர் காத்துக்கிட்டு இருக்கு."

"பாஸ், ஒரே எடத்துல மூனு டிஸ்க்கு எப்படி பாஸ் கெட்டுப் போவும்?"

"பேட்ச் சரியில்லாம இருக்கும்லா. போ, போ."

தேவமலர் டப்பாவை வாங்கிக்கொண்டு தன் கஞ்சில் காடியில் ஏறி, அந்தச் சின்னக் காரைக் கிளப்பினாள். வயது இருபத்தாறு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, நான்கு வருஷமாக மலாக்கா முழுக்கச் சுற்றி வங்கி, தொழிற்சாலை, கிளினிக் என்று எல்லா இடத்திலும் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். காடியின் பின்பக்கத்தில் ஏற்கெனவே அந்த ஸ்லாட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இரண்டு டிஸ்க்குகள் கிடந்தன. கோலாலம்பூருக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவை. அனுப்பாமல் வைத்திருந்ததற்கு முதலாளியிடம் இரண்டு முறை திட்டு வாங்கியாகிவிட்டது. ஆனால் போன சனிக்கிழமை அவள் அவற்றில் ஒன்றை ஆபிஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை படிக்க வைத்துப் பார்த்திருந்தாள். ஒரு தவறுகூட வரவில்லை. செத்துப்போனதாகச் சீட்டு ஒட்டிய டிஸ்க்கு, கல்லுக்குண்டு போல இருந்தது. அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் கொஞ்சம் கெட்டிருந்தது.

நிலையத்தின் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு ரெஜினால்ட். ஐம்பத்து மூன்று வயது. வெளியே வெயில் கொளுத்தினாலும் அறைக்குள் கம்பளிச் சட்டையோடு இருப்பார். வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும், பையைத் திறந்து காட்ட வேண்டும், தண்ணீர் பாட்டிலைக்கூட வாசலிலேயே வைத்துவிட வேண்டும்.

"வாம்மா மலர். பசியாறிட்டியா? உங்க டிஸ்க்குங்களுக்கு நம்ம எடத்து தண்ணி ஒத்துக்கல போலிருக்கு" என்றார்.

"பாத்துருவோம்ணே."

அந்தப் பெட்டி இடுப்பளவு உயரம். முன்பக்கம் ஐந்து டிஸ்க்குகள் வரிசையாகச் செருகியிருந்தன. ஐந்தும் சேர்ந்து ஒரே சேமிப்பாக வேலை செய்யும். ஒன்று போனாலும் மற்ற நான்கும் கணக்குப் போட்டு, போனதில் என்ன இருந்தது என்று சொல்லிவிடும். ஆனால் அந்த நிலையில் இன்னொன்றும் போனால் எல்லாமே போச்சு. இந்த நிலையத்தில் 'எல்லாம்' என்றால் எண்ணெய் தரும் செம்பனையின் பதினைந்து வருஷத்துக் கணக்கு: எந்த மரம் எந்த மரத்தோடு சேர்ந்தது, எந்த மாதம் எத்தனை குலை போட்டது, மரம் வருஷத்துக்கு எவ்வளவு வளர்ந்தது என்று அத்தனையும் அதற்குள் இருந்தன.

தேவமலர் புது டிஸ்க்கின் டப்பாவைப் பிரிக்கவே இல்லை. திரைக்கு முன் உட்கார்ந்து, பெட்டி தானே எழுதி வைத்திருந்த பிழைக் குறிப்புகளை ஆறு வாரத்துக்கு முன்னாலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

"மாத்தலையா?" என்றார் ரெஜினால்ட்.

"அண்ணே, இங்க பாருங்க. ஒரு டிஸ்க்கு நெசமாவே கெட்டுச்சுன்னா, 'இந்த எடத்த என்னால படிக்க முடியல'ன்னு சொல்லும். அந்த மாதிரி இதுல ஒரு வரிகூட இல்ல. மூனு டிஸ்க்குக்கும் ஒரே கம்ப்ளைண்ட்தான். 'ஆளக் காணோம், ஆளக் காணோம்.' டிஸ்க்கு பேசிக்கிட்டு இருக்கையிலயே லைன் கட்டாவுது."

"அப்படின்னா?"

"டிஸ்க்குல கோளாறு இல்ல. அது போயி செருகிக்கிற எடத்துல கோளாறு. உள்ள பின்னால ஒரு பலகை இருக்குல்ல, அதுல."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான்காவது ஸ்லாட்டின் பச்சை விளக்கு ஒரு கணம் அணைந்து மறுபடி எரிந்தது. இருவரும் பார்த்தார்கள். ரெஜினால்ட் சிலுவை போட்டுக்கொண்டார்.

பலகையை மாற்ற வேண்டுமென்றால் பெட்டியை நிறுத்த வேண்டும். மூன்று வருஷமாக ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடிய பெட்டி. நிறுத்தினால் எல்லா டிஸ்க்கும் திரும்ப எழுந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

"பேக்கப் இருக்குல்லண்ணே?"

ரெஜினால்ட் முகத்தில் பெருமை வந்தது. அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுத்த டேப்புகள், தேதி எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பூஜை சாமான் மாதிரி அடுக்கியிருந்தன.

"ஒன்னக் குடுங்க. ஒரே ஒரு ஃபைல மட்டும் திருப்பி எடுத்துப் பாப்போம்."

முதல் டேப் படிக்கவில்லை. இரண்டாவதும் படிக்கவில்லை. ஆறாவது டேப்புக்குப் பிறகு ரெஜினால்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டேப் எந்திரத்தின் தலை தேய்ந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் 'முடிந்தது' என்று திரையில் வரும்; எழுதியதைத் திருப்பிப் படித்துச் சரிபார்க்கும்படி யாரும் அதை அமைத்து வைக்கவில்லை.

"மூனு வருசம்மா" என்றார் அவர். "ஒரு வெள்ளிக்கிழம தவறல. அம்மா செத்த வாரங்கூட வந்து டேப்பு போட்டுட்டுப் போனேன்."

"ஒங்க தப்பு இல்லண்ணே. செட்டப் செஞ்சவங்க தப்பு" என்றாள் தேவமலர்.

அதே நேரம் வாசலில் ஜெயமேரி வந்து நின்றாள். தோட்டத்து அளவுகளை எல்லாம் பதிவு செய்யும் குமாஸ்தா; அங்கே கெராணி என்பார்கள். முழங்கால்வரை சேறான பூட்ஸ்; அதனால் உள்ளே வராமல் கழுத்தை மட்டும் நீட்டினாள்.

"ரெஜி அண்ணே, திங்கக்கெழம வெதைக்குத் தாய்மரம் பொறுக்கணும். லிஸ்ட்டு எப்ப கெடைக்கும்?" என்று கேட்டவள், அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "யாருக்கு என்ன ஆச்சு?"

சொன்னார்கள். பதினான்கு வருஷம் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று குலை எடைபோட்டவள் அவள். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தேவமலர் பக்கத்தில் நின்றாள்.

"இப்ப என்ன செய்யப் போற தங்கச்சி?"

தேவமலர் முதலாளிக்குப் போன் போட்டாள். கேட்டுவிட்டு அவர் கத்தியது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. "ஒன்ன டிஸ்க்கு மாத்தத்தான அனுப்புனேன்? துப்பறியவா அனுப்புனேன்? புதுச போட்டுட்டுக் கெளம்பு!"

"பாஸ், புதுச போட்டா, அத நெரப்ப மத்த நாலும் மூச்சு விடாம ஓடணும். நாலாவது இப்பவே கண்ண சிமிட்டுது. அது போச்சுன்னா நம்ம பேரும் போச்சு. நான் போட மாட்டேன்."

அவள் இதுவரை முதலாளியிடம் 'மாட்டேன்' என்று சொன்னதில்லை. அவளுக்கே காது சூடானது.

"சரி, என்ன வேணும்?" என்றார் கடைசியில்.

"பின் பலகை ஒன்னு, எக்ஸ்ட்ராவா டிஸ்க்கு ஒன்னு. கே.எல்.லேருந்து பஸ் பார்சல்ல. நாளைக்கே."

போனை வைத்ததும் அடுத்த கேள்வி நின்றது. இருக்கிற கணக்கை எங்கே எடுத்து வைப்பது? நிலையத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சின்னது. பத்தில் ஒரு பங்குகூடக் கொள்ளாது. தேவமலர் நகத்தைக் கடித்தபடி ஜன்னல் வழியாகத் தன் காடியைப் பார்த்தாள். பிறகு எழுந்து வெளியே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் சீட்டு ஒட்டிய அந்த இரண்டு டிஸ்க்குகளும், சோதனைக்காக வைத்திருந்த காலிப் பெட்டியும் இருந்தன.

"மூனாவது ஸ்லாட்டுல இருக்கறதையும் கழட்டுனா மூனு டிஸ்க்கு. மொத்தக் கணக்கும் இதுல அடங்கும்."

ரெஜினால்ட் அவளையே பார்த்தார். "செத்துப்போன டிஸ்க்குலயா? உசிரோட இருக்கறதக் கொண்டுபோயி செத்ததுக்குள்ள வைக்கப் போறியா?"

"சாகலண்ணே. அதுங்க சாகவே இல்ல. நாமதான் செத்துப்போச்சுன்னு எழுதி ஒட்டிட்டோம்."

சொல்லும்போது குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் சோதித்துப் பார்த்தது ஒன்றைத்தான். தன் கணிப்பு தப்பாக இருந்தால், நகல் எடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பெட்டியை நிறுத்தி, இரண்டையும் இழந்துவிடுவோம். அதனால் மூன்றையும் காலிப் பெட்டியில் மாட்டி, ஒரு மணி நேரம் முழுசாகச் சோதிக்க விட்டாள். அந்த ஒரு மணி நேரமும் மூவரும் திரையில் ஏறும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழை பூஜ்யம். பிழை பூஜ்யம். நூறு சதவிகிதம் ஆனபோதும் பிழை பூஜ்யம்.

"பாத்தீங்களா?" என்று தேவமலர் கையைத் தட்டினாள். ஜெயமேரி அவள் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

பத்தே முக்காலுக்கு நகலெடுக்கத் தொடங்கியது. இரண்டு மணிவரை ஓடியது. நான்காவது விளக்கு நடுவில் மூன்று முறை சிமிட்டியது. ஒவ்வொரு முறையும் ரெஜினால்ட் எழுந்து நின்று, அது பச்சையானதும் உட்கார்ந்தார். ஜெயமேரி கேண்டீனிலிருந்து நாசி லெமாக் வாங்கிவந்து, அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் ஒவ்வொருவராக வாசலுக்கு அழைத்துச் சாப்பிட வைத்தாள். இந்த முறை தேவமலர் 'முடிந்தது' என்ற வார்த்தையை நம்பவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி இன்னொரு கட்டளை கொடுத்தாள். அதுவும் முடிந்தபோது மணி ஐந்து. எல்லாம் ஒத்துப்போயின.

"என்னோட ஒரு மரத்த தொறந்து காட்டு பாப்போம்" என்றாள் ஜெயமேரி. நகலிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்ததும் அவள் திரையில் விரலை வைத்தாள். "ஆமா. தொண்ணூத்தொண்ணு நவம்பர். வெள்ளம் வந்துச்சு. நாலு குலைதான். நானே எழுதுனது."

மறுநாள் வியாழக்கிழமை மத்தியானம் பார்சல் வந்தது. ரெஜினால்டே பஸ் ஸ்டேஷனுக்குப் போய் வாங்கி, முட்டைத் தட்டு மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். தேவமலர் பெட்டியை நிறுத்தினாள். மூன்று வருஷமாக அறையில் இருந்த இரைச்சல் நின்றுபோனதும், மூன்று பேரும் கிசுகிசுத்துத்தான் பேசினார்கள்.

பின் மூடியின் திருகுகளைக் கழற்றி, பலகையை வெளியே இழுத்தாள். டார்ச் அடித்துப் பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னலா?" என்று ஜெயமேரி எட்டிப் பார்த்தாள். "அம்மாடி!"

மூன்றாவது ஸ்லாட்டின் பின்னால் ஒரு எறும்புக் குடும்பம் குடியிருந்தது. சின்னச் சிவப்பு எறும்புகள் நூற்றுக்கணக்கில், அரிசி நொய் போல வெள்ளை முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு ஓடின. அந்த இடத்தில் வெதுவெதுப்பு, இருட்டு, ஆள் நடமாட்டம் இல்லை. அவை விட்ட கழிவில், டிஸ்க் செருகிக்கொள்ளும் ஊசிகள் பச்சை பூத்துப் போயிருந்தன. நான்காவது ஸ்லாட்டுக்கும் புதுக்குடித்தனம் போகத் தொடங்கியிருந்தன.

"இந்த ஊர்லயே குளிரான ரூம்பு. தண்ணி பாட்டில்கூட விடமாட்டேங்கறீங்க. எறும்பு எப்படிண்ணே வந்துச்சு?" என்றாள் தேவமலர்.

எறும்பு வரிசை பெட்டியிலிருந்து இறங்கி, வயர் கட்டுகளின் மேலாக ஊர்ந்து, பக்கத்து அலமாரியின் அடித்தட்டுக்குப் போனது. ஜெயமேரி அதைப் பின்தொடர்ந்து குனிந்தாள். பழைய மேனுவல்களுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்தாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. உள்ளே பாதி தின்ற அன்னாசி டார்ட்டுகள்.

ரெஜினால்ட் கம்பளிச் சட்டையின் பொத்தானைத் திருகினார்.

"எனக்கு இனிப்புநீரு" என்றார் மெதுவாக. "வீட்டுல சாப்பிட விடமாட்டா. கேண்டீன்ல வச்சா ஒரு நாள்ல காலி. இங்க யாரும் வரமாட்டாங்க. மத்தியானத்துக்கு ஒன்னே ஒன்னு."

ஜெயமேரிக்கு அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தேவமலர் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. கடைசியில் ரெஜினால்டும் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"ஏசுவே! என் நாக்கு ருசிக்கு பதினஞ்சு வருசம் போயிருக்குமே!"

எறும்புகளைத் துடைத்தெடுத்து, புதுப் பலகையை மாட்டி, தேவமலர் மின்சாரம் கொடுத்தாள். டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகச் சுழலும் சத்தம் கேட்டது. முதலாவது. இரண்டாவது. நான்காவது. ஐந்தாவது மட்டும் 'டிக்' என்று ஒரு முறை முனகிவிட்டு நின்றது. மறுபடி முயன்றாள். டிக்.

மூன்று வருஷம் நிற்காமல் ஓடி, ஒரு மணி நேரம் ஆறிக் கிடந்ததில் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. இதுவரை எந்தப் பிழையும் காட்டாத, யாரும் சந்தேகப்படாத டிஸ்க்கு. மூன்றாவது இல்லாமல், ஐந்தாவதும் இல்லாமல், பெட்டியில் இருந்த பதினைந்து வருஷமும் அந்த நொடியில் போய்விட்டது. திரையில் 'சேமிப்பு இல்லை' என்று வந்தது.

தேவமலர் திரும்பி மேசைமேல் பார்த்தாள். காலிப் பெட்டிக்குள் அந்த மூன்று டிஸ்க்குகளும் இருந்தன.

"நேத்தே மாத்திட்டுக் கெளம்பியிருந்தா?" என்று ரெஜினால்ட் கேட்டார்.

"அதப் பத்தி நெனைக்கவேணாம்ணே" என்றாள். நேற்று வாங்கி வந்த புதியதை மூன்றாவதிலும், இன்று வந்ததை ஐந்தாவதிலும் செருகினாள். ஐந்து விளக்கும் பச்சையாயின. எல்லாவற்றையும் வெறுமையிலிருந்து புதிதாக அமைத்து, நகலிலிருந்து கணக்கைத் திருப்பி ஊற்றத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தபோது பெட்டி அமைதியாக இரைந்துகொண்டிருந்தது. இன்னொரு முறை ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு ஃபைலும் குறையவில்லை. அதன் பிறகு சர்வீஸ் ரிப்போர்ட்டை எடுத்தாள். 'பழுதுக்கான காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. 'எறும்பு' என்று எழுதினாள். அதற்கு மேல் எழுதாமல் ரெஜினால்டைப் பார்த்தாள்.

அவர் கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். 'அறைக்குள் இனிப்பு வைத்திருந்தது அடியேன்' என்று மலாயில் எழுதி, கையெழுத்துப் போட்டார். அதை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனவர் கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார்.

"என்ன சொன்னாங்க?"

"டேப்பு எந்திரம் புதுசா வாங்கச் சொல்லிட்டாங்க. அப்பறம்..." அவர் தொண்டையைச் செருமினார். "டார்ட்டு எந்தக் கடையில வாங்குனேன்னு கேட்டாங்க."

கணேஸ்வரன் போனில் பாராட்டவில்லை. அது அவருக்கு வராது. "அந்த மூனு டிஸ்க்கையும் திருப்பி அனுப்ப வேணாம். நல்லதுன்னு எழுதி அலமாரில வையி" என்றார். கொஞ்சம் விட்டு, "அடுத்த தடவ நீ மாட்டேன்னு சொன்னா நான் கத்தமாட்டேன். பாதிதான் கத்துவேன்" என்றார்.

புறப்படத் தயாரானவளை ஜெயமேரி பிடித்துக்கொண்டாள். "மூனு நாளா என் மரத்தையெல்லாம் நம்பராவே பாத்துக்கிட்டு இருக்க. வா, ஒன்னையாவது நேருல பாத்துட்டுப் போ. திங்கக்கெழம அதத்தான் பொறுக்கப் போறோம்."

தேவமலர் பூட்ஸ் கடன் வாங்கிக்கொண்டு அவளோடு நடந்தாள். அவளுக்குச் செம்பனை புதிதில்லை. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில், தீம்பாரில், அதற்கு நடுவில்தான் பிறந்தாள். ஆனால் ஜெயமேரி நின்ற இடத்தில் மரத்தைத் தேடி மேலே பார்த்தவள், பிறகு கண்ணைத் தாழ்த்தினாள். பதினைந்து வயது மரம், தண்டு அவள் தலைக்கு மேல் ஒரு முழம்தான் இருந்தது. குலை கைக்கு எட்டும் உயரத்தில், ஆரஞ்சு நிறத்தில் பழுத்துத் தொங்கியது.

"இவ்ளோ குட்டையாவா?"

"அதுக்குத்தான லா இத்தன வருசம் அளந்தோம். வளத்தி கம்மி, குலை ஜாஸ்தி. இதோட வெத போனா, நாளைக்கு வெட்டறவன் கம்பு தூக்க வேணாம்."

தேவமலர் கையை நீட்டிக் குலையைத் தொட்டாள். அவளுடைய அப்பா தம்புசாமி இருபத்திரண்டு வருஷம் குலை வெட்டியவர். முப்பது அடிக் கம்பு முனையில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து அண்ணாந்து பார்த்தே கழுத்து போய், இப்போது பாயா ரும்புட் வீட்டில் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாள் தன் கையில் கனத்த எண்கள் எல்லாம் என்ன என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அப்பா நம்பவில்லை. "கையால எட்டற எடத்துல குலையா? யாருகிட்ட கத விடற?"

ஞாயிற்றுக்கிழமை ஜெயமேரியிடம் சொல்லி, அவரைக் காடியில் ஏற்றிக் கூட்டிப்போனாள். தம்புசாமி மரத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றார். சுற்றி வந்தார். மட்டையைத் தட்டிப் பார்த்தார். பிறகு பழத்தில் ஒன்றைக் கிள்ளி, நசுக்கி, விரலில் எண்ணெய் மின்னுவதைப் பார்த்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

"நல்ல மரம். ஆனா இதுக்குக் கூலி கொறச்சிருவானுங்க, பாத்துக்க" என்றார்.

ஜெயமேரி விழுந்து விழுந்து சிரித்தாள். தேவமலர் அப்பாவை மரத்தோடு நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். கழுத்துப் பட்டை தெரியக்கூடாது என்று அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.